கஸ்பாரின் ஐம்பத்திரண்டு சிக்ஸர்கள்

ஜூலை 1, திங்கள்

மனைவி காந்திமதிக்கு வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு மூன்றாம் நாள். ஒரு நாளைக்கு ஆறு வேளை சொட்டு மருந்து. வேளை தவறாமல் குறித்துக்கொள்ளத்தான் இந்த டைரியை எடுத்தேன். காலை ஏழு, போட்டாயிற்று.

தபாலில் லீக் தலைவர் சண்முகவேலின் கடிதம் வந்தது. உப்பளத் திடலில் புது பெவிலியன் கட்டி முடித்துவிட்டார்கள். அதற்கு கஸ்பார் மச்சாது பெயரை வைக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய மூன்று பேர் கமிட்டி. சண்முகவேல், பழைய அம்பயர் பிச்சையா, மூன்றாவது நான். 'மறைந்த வீரரின் கேப்டன் என்ற முறையில்' என்று எழுதியிருக்கிறார்.

கஸ்பார் இந்த பிப்ரவரியில்தான் போனான். அறுபத்திரண்டு வயது. மாரடைப்பு.

ஜூலை 2, செவ்வாய்

சொட்டு மருந்து ஆறு வேளை. கடை பத்து மணிக்குத் திறந்தேன். காற்று அதிகம். உப்புத் தூசி மருந்து பாட்டில்கள் மேலெல்லாம் படிகிறது.

ஜூலை 4, வியாழன்

கஸ்பாரைப் பற்றிக் கமிட்டிக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இங்கே முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

ஆறடி இரண்டங்குலம். ஐஸ் ஃபேக்டரியில் பனிக்கட்டிப் பார் தூக்கி உடைக்கிற வேலை. முத்து ஸ்டார் கிளப்பில் நான் கேப்டன், விக்கெட் கீப்பர். அவன் நாலாவது ஆளாக இறங்குவான். தொண்ணூற்று மூன்றாம் வருஷ சீசனில் பதினான்கு ஆட்டத்தில் ஐம்பத்திரண்டு சிக்ஸர். இன்று வரை நம் கடலோர லீக்கில் அதை யாரும் தொட்டதில்லை. பந்து அடிபடும் சத்தத்தை வைத்தே உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் தலைக்கு மேல் கூடையைத் தூக்கிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் நேரே திடலுக்கு வருவார்கள். அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கோப்பை எங்களுக்கு வந்தது.

தொண்ணூற்று நாலு மே மாதம் எங்கள் பந்துவீச்சாளர் ஜெபமணி செத்துப்போனான். இருபத்தொரு வயது. ஈரல் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். உடம்பு ஏற்றுகிற ஊசி போட்டிருக்கிறான் என்று டாக்டர் வீட்டாரிடம் சொன்னார். லீக்காரர்கள் கிளப் அறையைச் சோதித்தபோது கஸ்பாரின் பையில் அதே ஊசி மருந்தும் சிரிஞ்சுகளும் இருந்தன. "என்னோடதுதான்" என்றான். ஜெபமணிக்கும் நீதான் கொடுத்தாயா என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். ஆயுள் தடை போட்டார்கள். சாதனைப் பலகையில் அவன் வரியைக் கறுப்பு பெயின்ட் வைத்து அடித்தார்கள்.

நான் அந்த வாரம் திருச்செந்தூரில் இருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

கஸ்பாரின் மகள் பெலிசிட்டா வந்தாள். முப்பத்து மூன்று வயது. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பழைய பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய ஒரு நோட்டை என் மடியில் வைத்தாள்.

"அப்பா ஊசி போட்டது தப்புதான் மாமா. அத நான் மறைக்கல. ஆனா ஒரு உசுரக் கொன்னவருன்னு பேரு இருக்கே, அதத்தான் என்னால தாங்க முடியல."

"கமிட்டில மூணு பேரு இருக்கோம் தாயீ. என் கையில மட்டும் இல்ல."

"ஜெபமணி அண்ணனுக்கு நான் குடுக்கலன்னு அப்பா ஒரே ஒரு தடவ சொன்னாரு. நான் நர்ஸ் படிப்பு முடிச்ச அன்னைக்கு. அப்பம் யாருப்பா குடுத்தான்னு கேட்டேன். எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல."

காந்திமதி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். பெலிசிட்டா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா சாவுக்கு நம்ம கிளப்பு ஆளுங்கள்ல நீங்க ஒருத்தருதான் வந்திய மாமா. பெட்டியையும் தூக்குனிய. மறக்க மாட்டேன்" என்றாள்.

அவள் தெருமுனை திரும்பும் வரை காந்திமதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பம் யாரு குடுத்திருப்பா?" என்றாள்.

சொட்டு மருந்து போடுகிற நேரம் வந்துவிட்டிருந்தது.

ஜூலை 10, புதன்

முதல் கூட்டம். சண்முகவேல் பிரச்சினை இல்லாமல் முடிக்கப் பார்க்கிறார். "செத்துப்போன மனுஷன். ஜனங்களுக்கு அவர் மேல பிரியம் இருக்கு. வச்சுட்டுப் போவோம் அண்ணாச்சி. இல்ல, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பிச்சையாவுக்கு எழுபத்து நாலு வயது. குரல் மட்டும் தளரவில்லை. "அந்த ஐம்பத்திரண்டுல முப்பதுக்கு மேல நாந்தான்வே அம்பயர். பந்து கோட்டுக்கு வெளிய விழுந்துச்சு. ரெண்டு கையையும் தூக்குனேன். இப்பம் வந்து அது இல்லைங்கிய. பொய்யாவாவே கை தூக்குனேன்?"

"அதுக்காக, ஊசிய வச்சு அடிச்சத…" என்று சண்முகவேல் இழுத்தார்.

"ஊசியா பந்தப் பாத்துச்சு? கண்ணும் கையும் அவனோடதுதான? ஆனா ஒண்ணு. அந்தப் பய ஜெபமணிக்கு இவன் குடுத்திருந்தாம்னா, பெவிலியன் என்ன, கக்கூஸுக்குக் கூட அவன் பேரு கூடாது. அதத் தெரிஞ்சுக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஜெபமணியின் அக்கா தங்கபுஷ்பம் டீச்சரை யாராவது போய்ப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு வீட்டுக்கும் தெரிந்தவன் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

ஜூலை 12, வெள்ளி

டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. காற்று.

ஜூலை 13, சனி

போகவில்லை. காலாவதியான மருந்துகளைத் தனியே எடுத்து வைக்க ஒரு நாள் போய்விட்டது.

ஜூலை 15, திங்கள்

போனேன். தங்கபுஷ்பம் டீச்சர் இப்போதுதான் பணி ஓய்வு பெற்றிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். வாசலில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் இன்னொரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி, எதுக்கு வந்தியன்னு தெரியும்."

நான் கேட்பதற்குள் அவரே பேசினார்.

"ரயில்வே செலக்‌ஷனுக்கு மூணு மாசம் இருந்துச்சு. ஆளு ஒல்லி, பந்துல வேகம் பத்தலன்னு எவனோ சொல்லிட்டானாம். மூணு மாசத்துல ஒம்பது கிலோ ஏறினான். எங்கம்மைக்கு ஒரே சந்தோஷம். எம்புள்ளைக்குச் சாப்பாடு உடம்புல ஒட்டுதுன்னு ஊரெல்லாம் சொன்னா. அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு. மாம்பழம் தின்ன சூடுன்னு நெனச்சோம்."

இலை உருவுவதை அவர் நிறுத்தவே இல்லை.

"வருஷா வருஷம் அவன் செத்த தேதிக்கு அந்த கஸ்பாரு எங்க வாசல்ல வந்து நிப்பான். உள்ள வர மாட்டான். ஒரு வார்த்தை பேச மாட்டான். எங்கம்ம விளக்குமாத்த எடுத்து அடிச்சிருக்கா. அந்தத் தடி ஆளு கையக்கூடத் தூக்காம வாங்கிட்டு நின்னான். குத்தம் செஞ்சவன் இல்லாம வேற எவன் அப்படி நிப்பான்? நீங்களே சொல்லுங்க."

கீழே விழுந்த முருங்கைக் காம்பு ஒன்றைப் பொறுக்கி அவர் பக்கம் வைத்தேன்.

"அவன் பேரு அங்க ஏறுனா, அந்த ரோட்டுல பஸ்ஸுல போகும்போது நான் கண்ண மூடிட்டுத்தான் போகணும். இதான் எனக்குச் சொல்ல உள்ளது. எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். எழுந்திருக்கும்போது கேட்டார்: "நீங்கதான அப்பம் கேப்டன்? உங்களுக்குத் தெரியாமயா இதெல்லாம் நடந்துச்சு?"

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இன்று கடை திறக்கவில்லை. லேசாக ஜுரம் இருக்கும் போலிருந்தது. பார்த்தால் இல்லை.

ஜூலை 18, வியாழன்

டாக்டர் காந்திமதியின் கண்ணைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். சொட்டு மருந்து இனி நான்கு வேளை போதும்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்க குடுத்ததுதானே?" என்றாள்.

முப்பது வருஷத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. ஆமாம் என்றேன். கஸ்பார் கேட்டான், நம் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன் என்றேன்.

"எனக்குத் தெரியும். தடை போட்ட மறுநாள் கஸ்பார் அண்ணன் பின்வாசல் வழியா வந்தாக. நீங்க திருச்செந்தூர்ல. எனக்கு ஏழு மாசம். 'அண்ணி, அவரு வந்தா ஒண்ணும் கேக்காதிய. கடையில என் பேரு எழுதின சீட்டு எதாச்சும் இருந்தாக் கிழிச்சுப் போட்டுருங்க'ன்னு சொல்லிட்டுப் போனாக. நானும் தேடிப் பாத்துக் கிழிச்சேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அதற்குப் பிறகு சாப்பிட்டோம். புளிக்குழம்பு வைத்திருந்தாள்.

ஜூலை 20, சனி

காந்திமதியிடம் சொன்னது சரியில்லை. கஸ்பார் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

தொண்ணூற்று இரண்டு கடைசியில் அவனுக்குத் தோள்பட்டை வலி. ஐஸ் பார் தூக்கித் தூக்கி வந்தது. கோப்பை எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் கேப்டனாகி எட்டு வருஷம், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. நோயில் எலும்பும் தோலுமாகிப் போனவர்களுக்குச் சதை பிடிக்கப் போடுகிற ஊசி ஒன்று உண்டு. கடையில் இருந்தது. இன்ன ஊசி என்று சொல்லித்தான் போட்டேன். வாரம் ஒன்று, கடையின் பின்னறையில். பிற்பாடு அவனே போட்டுக்கொள்ளப் பழகினான். சீசன் முடிய ஒன்றுக்கு இரண்டாகவும் போட்டான். தப்பு என்று தெரிந்தும் நிறுத்தவில்லை, கப்பு போயிரும் என்றான். அந்தப் பங்கு அவனுடையது.

ஜெபமணி என்னிடம் தனியாக வந்தான். கஸ்பார் அண்ணனுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுங்க என்றான். ஒல்லி என்று அவனிடம் சொன்ன 'எவனோ' நான்தான். கஸ்பார் கடைக்கு வந்து சண்டை போட்டான். "சின்னப் பயண்ணே, அவனுக்கு வேண்டாம்ணே" என்றான். சரி என்றேன். ஆனால் கொடுத்தேன். எவ்வளவு போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அவன் அதைவிட அதிகமாகப் போட்டுக்கொண்டான் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது உண்மையா என்று தெரியாது.

கஸ்பார் ஏன் தலையைக் குனிந்துகொண்டான் என்று அவனிடம் நான் கேட்டதே கிடையாது. அண்ணன் பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டிருக்கிறாரே, கடை மூடினால் என்ன ஆவார் என்று நினைத்திருக்கலாம். அவனும் போட்டவன்தானே, தானும் பாவி என்று நினைத்திருக்கலாம். தெருவில் பார்த்தால் "என்னண்ணே, சௌக்கியமா?" என்பான். நானும் சௌக்கியம் என்பேன்.

ஜூலை 24, புதன்

இரண்டாவது கூட்டம். சொல்லிவிட்டேன். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த நேரமே பிடித்தது.

சண்முகவேல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அண்ணாச்சி, இத இத்தோட விட்டுருங்க. மினிட்ஸ்ல ஏத்த வேண்டாம். உங்களுக்கு எழுபது ஆகப் போவுது. கடை இருக்கு, லைசென்ஸ் இருக்கு. பேரு வைக்க வேண்டாம்னு எழுதி முடிச்சுருவோம். எல்லாம் அடங்கிரும்."

"அப்பம் பழி அவன் மேலயே கெடக்கட்டும்ங்கியளா?"

"முப்பது வருஷம் கெடந்துச்சுல்லா அண்ணாச்சி."

பிச்சையா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "தடை போட்ட அன்னைக்கு கஸ்பாரு என் கையப் புடிக்க வந்தான்வே. நான் கைய எடுத்து முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

கமிட்டியிலிருந்து விலகுகிறேன் என்றும், நடந்தது இன்னது என்றும் இரண்டு பக்கம் எழுதிச் சண்முகவேல் மேஜையில் வைத்தேன். ஒரு நகலை நோட்டீஸ் பலகையில் நானே ஒட்டினேன்.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். ஊர் முழுக்கக் கூட்டம். பஸ் கிடைக்காமல் தங்கபுஷ்பம் டீச்சர் வீட்டுக்கு நடந்தே போனேன். நோட்டீஸ் விஷயம் அவர் காதுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். நாற்காலி போட்டார், உட்காரவில்லை. ஒல்லி என்று சொன்னது, தாளில் எழுதிக் கொடுத்தது, போன வாரம் இதே வாசலில் தெரியாது என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

டீச்சர் அழவில்லை, கத்தவில்லை. "அப்பம் எங்கம்ம அடிச்சது யார?" என்றார்.

போட்ட நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தார்.

"அந்தப் பொண்ணுட்டச் சொல்லியாச்சா?"

"இல்ல டீச்சர்."

"ஏன் இல்ல?"

"முதல்ல உங்ககிட்ட…"

"என்ட்டச் சொல்லிட்டா பாதி பாரம் எறங்கிரும், மீதிய நாளைக்குப் பாப்போம்னா? அது முடியாது அண்ணாச்சி." உள்ளே போய் வேறு சேலை உடுத்திக்கொண்டு வந்து வீட்டைப் பூட்டினார். "வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. முன்ன நடங்க."

நடந்தோம். கடற்கரைச் சாலையில் கூட்டத்துக்குள் அவர் எனக்கு நாலு அடி பின்னால் வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார்.

பெலிசிட்டா திருவிழாவுக்காகப் புதுச் சேலை உடுத்தி, வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் நிற்பவர் யாரென்று தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட வேண்டும் என்பதைக்கூட மறந்து நின்றாள்.

வாசலிலேயே சொன்னேன். தெருவில் பாண்டு வாத்தியம் போய்க்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தி, அது கடந்த பிறகு மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கேட்டு முடித்தாள். "பெட்டிய எதுக்குத் தூக்குனிய மாமா?" என்றாள்.

கையிலிருந்த காலணியைக் கீழே போட்டாள்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கேன். எந்தத் தோள்ல தூக்குனிய?"

தங்கபுஷ்பம் டீச்சர் என்னைத் தாண்டிப் போய் அவள் கையைப் பிடித்தார். "உங்கப்பா எங்க வீட்டு வாசல்ல வருஷா வருஷம் வந்து நிப்பாரு தாயீ. ஒரு தடவகூட நான் உக்காரச் சொல்லல" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. பெலிசிட்டா அவரை உள்ளே அழைத்துப் போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவுமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைப் பலகையைக் கழற்ற ஆள் வந்தது. எல்லாவற்றையும் இத்தோடு நிறுத்துங்கள் என்று பெங்களூரிலிருந்து மகன் போனில் கத்தினான். காந்திமதி போனை வாங்கி, "உங்கப்பா இத உனக்காக மறைக்கல, அதனால உனக்காக நிறுத்தவும் முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

பெவிலியனுக்கு இப்போதைக்குப் பெயர் இல்லை என்று லீக் முடிவு செய்திருக்கிறது. ஊர் இரண்டாகக் கிடக்கிறது. கஸ்பார் ஏமாளி என்கிறார்கள் ஒரு பக்கம். யார் கொடுத்தால் என்ன, போட்டவன் அவன்தானே என்கிறார்கள் இன்னொரு பக்கம். டீக்கடையில் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்றோடு திருவிழா முடிந்தது. இன்று காலை பெலிசிட்டா போன் செய்தாள். மாமா என்று கூப்பிடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மொத ஊசி போட்ட அன்னைக்கு எங்கப்பா என்ன சொன்னாரு?"

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நினைவிருந்தது.

"'இதப் போட்டா தோள் வலி போயிருமாண்ணே'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"போயிரும்னு சொன்னேன்."

"வேற எதுவும் சொல்லலியா?"

"சொல்லல."

"அப்பம் அது என்ன ஊசின்னு அவருக்கு எப்பம் தெரியும்?"

"சீசன் பாதியில. ஆறாவது ஆட்டம் முடிஞ்சு. முகமெல்லாம் கட்டி, குரல் மாறிப் போச்சுன்னு வந்து கேட்டான். அப்பம்தான் சொன்னேன்."



"அந்த ஆறு ஆட்டத்துல எத்தன சிக்ஸரு?"

"பத்தொம்போது."

போனை வைத்துவிட்டாள்.

இன்ன ஊசி என்று சொல்லித்தான் போட்டேன் என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். நோட்டீஸ் பலகையில் ஒட்டிய கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். காந்திமதியைக் கூப்பிட்டு வெள்ளைத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.